கேள்வி சரி, கேட்கிற இடம்தான் பிழை

"விளையாட்டு சோறு போடுமே?"

வெள்ளவத்தையில ஒரு பெடியன் பூட்ஸைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினால் பின்னால் இந்தக் கேள்வி வரும். கொட்டாஞ்சேனையிலும் வரும், அங்க கொஞ்சம் சத்தமாக வரும். ஓ.எல் முடியட்டும், ஏ.எல் முடியட்டும், சீமா முடியட்டும், பிறகு விளையாடு என்பார்கள். சீமா முடிகிற வயதில் ஒரு பின்கள வீரரின் முழங்கால் தன் உழைப்பில் பாதியை முடித்திருக்கும்.

இதைக் கேட்கிற அம்மா அப்பாவை நக்கலடிக்க நாங்கள் வரவில்லை. கொழும்பு வாடகையும் ரியூசன் காசும் கட்டுகிற ஆட்கள் அவர்கள். ஒரு தொழிலுக்குப் போகிறவரிடம் சம்பளம் எவ்வளவு, ஒப்பந்தம் இருக்கா, காலை உடைச்சால் ஆர் பாக்கிறது என்று கேட்பது நியாயம். எங்களுக்குப் பிரச்சினை அந்தக் கேள்வி போய்ச் சேருகிற விலாசம். அதைப் பதினாறு வயதுப் பிள்ளையிடம் கேட்கிறார்கள். கழகத்திடம், சம்மேளனத்திடம், விளையாட்டு அமைச்சிடம் கேட்க ஆளில்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் சும்மா இருக்க, பதில் இல்லாத பிள்ளை பூட்ஸைக் கழற்றுகிறது. பிறகு "எங்கட சனத்துக்கு விளையாட்டில் ஆர்வமில்லை" என்று ஒரு முடிவும் எழுதப்படுகிறது.

டக்ஸன் பியூஸ்லஸை எடுத்துக்கொள்வோம். மன்னார்காரர். இலங்கைத் தேசிய உதைபந்தாட்ட அணியின் பின்கள வீரர். மாலைதீவின் கிளப் வெலன்சியாவுக்கு ஆடிக்கொண்டிருந்த காலத்தில், 2022 பெப்ரவரி 26 அன்று அங்கேயே இறந்துபோனார். வயது 31. அவருடைய மரணத்தை அலசுவது எங்கள் வேலை இல்லை, அதைக் குடும்பத்திடம் விட்டுவிடுவோம். நாங்கள் பேச வந்தது அவர் செய்த தொழிலைப் பற்றி. செய்தி வந்த கிழமை முகநூலில் "எங்கட பெடியன்", "மண்ணின் மைந்தன்" என்று பதிவுகள் ஓடின. அதற்கு முதல் கிழமை அவர் எந்த நாட்டில், எந்தக் கழகத்துக்கு ஆடுகிறார் என்று கேட்டிருந்தால் அந்தப் பதிவு போட்டவர்களில் எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்?

பின்கள வீரரின் தலைவிதி அப்படி. கோல் அடித்தவருக்குப் படம் வரும். தடுத்தவருக்கு ஒன்றும் வராது. அவர் ஒழுங்காக வேலை செய்த நாளில் கோல் காப்பாளருக்கே வேலை இருக்காது, ஆகவே எவருக்கும் அவர் ஞாபகத்தில் நிற்கமாட்டார். ஒரு பிழை விட்டால் மட்டும் பெயர் வெளியே வரும். நெற்றியும் கணுக்காலும் முழங்காலும் வைத்து உழைக்கிற வேலை. முப்பது தாண்டினால் ஓய்வைப் பற்றி யோசிக்க வேண்டிய வேலை. இப்படிப்பட்ட வேலைக்குத்தான் ஒப்பந்தமும் காப்புறுதியும் முதலில் தேவை.

சரி, ஒரு தேசிய அணி வீரர் ஏன் மாலைதீவுக்குப் போக வேண்டும்? அந்த நாட்டின் சனத்தொகை ஐந்து இலட்சத்தைச் சுற்றித்தான் இருக்கிறது. எங்கட நாட்டில் 220 இலட்சம் சனம். "சின்ன நாடு, காசில்லை, பார்க்க ஆளில்லை, என்ன செய்யிறது" என்று கொழும்பில் இருந்து சொல்கிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும். நாற்பதில் ஒரு பங்கு சனம் உள்ள தீவுக்கூட்டம் எங்கட பின்கள வீரருக்குக் கூலி கொடுத்துக் கூப்பிடுகிறது. அப்ப பிரச்சினை நாட்டின் அளவு இல்லை.

இந்த நாட்டில் விளையாட்டுச் சோறு போடுகிற இடம் ஒன்று இருக்கிறது. படைகள். இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் எல்லாவற்றுக்கும் முன்னணி உதைபந்தாட்ட அணிகள் உண்டு. அங்கே ஆடுகிறவருக்கு மாதச் சம்பளம் உண்டு, வைத்தியம் உண்டு, ஓய்வூதியம் உண்டு. தெற்கில் ஒரு ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அது உண்மையான வழி, அந்தப் பிள்ளையில் எங்களுக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் மன்னாரிலோ முல்லைத்தீவிலோ ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, "உங்கட மகன் நல்லாப் பந்தடிக்கிறான், சீருடையைப் போட்டால் சம்பளம் வரும்" என்று சொல்லிப் பாருங்கோ. அந்த வீட்டுச் சுவரில் ஆருடைய படம் தொங்குகிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கோ. விளையாட்டு வீரருக்கு நிரந்தர வருமானம் தருகிற பெரிய வாசலைப் படைமுகாமுக்குள் வைத்துவிட்டு, "எல்லாருக்கும் சம வாய்ப்பு" என்பது பகிடி.

படைக்கு வெளியே இருக்கிற இன்னொரு வாசல் வங்கியும் கம்பனியும். வலைப்பந்தாட்டத்தில் தர்ஜினி சிவலிங்கம் அந்த வழியால் வந்தவர். யாழ்ப்பாணம் புன்னாலைக்கட்டுவனில் இருந்து கிழக்குப் பல்கலைக்கழகம், அங்கிருந்து கொழும்பில் செலான் வங்கி அணி. 2009இலும் 2018இலும் ஆசியக் கிண்ணம் வென்ற இலங்கை அணியில் அவர் இருந்தார். 2019இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்தில் 348 கோல்கள், முழுத் தொடரிலும் அதிகம் அவருடையதுதான். அவரும் வெளிநாட்டுக் கழகத்துக்கு ஆட மெல்பேர்னுக்குத்தான் போனார், சிட்டி வெஸ்ட் ஃபல்கன்ஸுக்கு. உலகத்திலேயே அதிகம் கோல் போட்டவருக்கே இங்கே ஒரு தொழில்முறைத் தொடர் இல்லை என்றால், கோல் போடாமல் தடுத்துக்கொண்டு நிற்கிறவருக்கு என்ன இருக்கும்?

இப்ப கொஞ்சம் ரொறன்ரோ பக்கம் போவோம். எங்கட சனத்தில் பாதிக்குச் சொந்தம் அங்கேதான். அங்கே இருக்கிற மச்சான்மார் மேப்பிள் லீஃப்ஸ் சட்டையோடு படம் அனுப்புவார்கள், "இஞ்ச பிளேயர்ஸுக்கு எவ்வளவு காசு தெரியுமே" என்பார்கள். தெரியும். 2024–25 பருவத்தில் என்.எச்.எல். ஐஸ் ஹொக்கியில் ஆகக் குறைந்த சம்பளமே 775,000 அமெரிக்க டொலர். ஆனால் அந்தக் காசு பனியில் முளைக்கவில்லை. 1957இல் டெட் லிண்ட்ஸே ஒரு வீரர் சங்கம் தொடங்கப் பார்த்தார். அவரோடு நின்றவர்களில் ஒருவர் மொன்றியலின் பெரும் பின்கள வீரர் டக் ஹார்வி. முதலாளிகள் லிண்ட்ஸேயை டெட்ரோய்ட்டில் இருந்து கிளப்பி சிக்காகோவுக்கு அனுப்பினார்கள், சங்கமும் உடைந்தது. நிலைத்து நின்ற சங்கம் வர 1967 ஆனது.

கதை அங்கேயும் முடியவில்லை. கார்ல் புரூவர் என்று ஒரு பின்கள வீரர். 1962, 63, 64 மூன்று வருடமும் ஸ்டான்லி கிண்ணம் வென்ற ரொறன்ரோ அணியில் ஆடியவர். ஓய்வு பெற்ற பிறகு தன்னுடைய ஓய்வூதியம் ஏன் இவ்வளவு சிறியது என்று கேட்கத் தொடங்கினார். ஆளுக்குப் பைத்தியம் என்றார்கள். அவர் விடவில்லை. பழைய வீரர்கள் சிலர் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 1992இல் ஒன்ராறியோ நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்த்தது. 1994இல் கனடா உச்ச நீதிமன்றம் லீக்கின் மேன்முறையீட்டை எடுக்கவே மறுத்தது. முதலாளிகள் எடுத்துக்கொண்ட ஓய்வூதிய நிதியின் உபரி, 40 மில்லியன் டொலருக்கு மேல், வீரர்களிடம் திரும்பி வந்தது. வீரர் சங்கத்தைப் பல வருடம் நடத்திய அலன் ஈகிள்சனே மோசடிக் குற்றத்துக்காக 1998இல் சிறைக்குப் போனார். சங்கம் இருந்தால் மட்டும் காணாது, அதன் கணக்கையும் வீரர்கள் பார்க்க வேண்டும் என்பது அங்கே காசு கொடுத்துக் கற்ற பாடம். சட்டையை அனுப்புகிற மச்சான்மார் இந்தக் கதையையும் சேர்த்து அனுப்பினால் நல்லம்.

எங்கட பக்கம் என்ன நடந்தது? 2023 ஜனவரியில் ஃபிஃபா இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. ஓகஸ்ட் கடைசியில்தான் தடை நீங்கியது. அந்த இடைவெளியில் பெங்களூரில் நடந்த தெற்காசியக் கிண்ணம் இலங்கை இல்லாமலே முடிந்தது. நிர்வாகத்தில் சண்டை பிடித்தது கோட்டுப் போட்ட ஆட்கள். விளையாட்டு வாழ்க்கையில் ஒரு பருவத்தை இழந்தது வீரர்கள். முப்பது வயதுப் பின்கள வீரருக்கு ஏழு மாதம் என்பது எவ்வளவு பெரிய காலம் என்று யோசியுங்கோ. அவர்களுக்காக எழுந்து நின்று "எங்கட நட்டத்துக்கு ஆர் பொறுப்பு" என்று கேட்ட ஒரு சங்கத்தின் குரல் எங்கள் காதில் விழவில்லை.

"முதலில் திறமையான ஆட்கள் வரட்டும், பிறகு காசு வரும்" என்பார்கள். திறமை வந்து கனகாலம். கொட்டாஞ்சேனையின் றட்ணம் விளையாட்டுக் கழகம் 2007இலேயே ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பின் தலைவர் கிண்ணத்தில் ஆடியது. ஒழுங்கைகளில் இருந்து ஆசிய மட்டம் வரைக்கும் போகத் தெரிந்த சனத்துக்குத் திறமை பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை.

ஆகவே நாங்கள் கேட்பது கொஞ்சம்தான். முதற்தரத் தொடரில் ஆடுகிற ஒவ்வொருவருக்கும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அது அவர் வாசிக்கக்கூடிய மொழியில் இருக்க வேண்டும். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழிதான். காயத்துக்குக் காப்புறுதி வேண்டும், வெளிநாட்டுக் கழகத்துக்குப் போகிறவருக்கும் சேர்த்து. காலி வீதியில் ஒரு புடைவைக் கடையில் நிற்கிறவருக்கு முதலாளி ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் கட்ட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நாட்டின் பெயரைச் சட்டையில் போட்டு ஓடுகிறவருக்கு அதைவிடக் குறையக் கூடாது. கடைசியாக, வீரர்களே நடத்துகிற, வீரர்களே கணக்குப் பார்க்கிற ஒரு சங்கம்.

வெள்ளவத்தையில் இயங்குகிற பழைய மாணவர் சங்கங்களுக்கும் ஒரு சொல். பொன்னாடையும் கேடயமும் சிறப்பு மலரும் போதும். ஒரு வருட மலருக்குச் சேர்க்கிற விளம்பரக் காசு உங்கள் பாடசாலையில் இருந்து போன ஒரு வீரருக்குக் காப்புறுதி கட்டக் காணும். புலம்பெயர்ந்த கிளைகளுக்கும் இதையே சொல்கிறோம். ஆள் போன பிறகு நினைவுக் கிண்ணம் நடத்துவது லேசு. ஆள் ஆடுகிற காலத்தில் அவருடைய ஒப்பந்தத்தை ஒரு சட்டத்தரணியிடம் காட்டுவதுதான் கஷ்டம், அதைச் செய்யுங்கோ.

அம்மாமார் அப்பாமாரே, நீங்கள் அந்தக் கேள்வியை விடவேண்டாம். மகனோ மகளோ பூட்ஸோடு வெளிக்கிட்டால், நீங்களும் கூடப் போய்க் கழகச் செயலாளரிடம் கேளுங்கோ: ஒப்பந்தம் எங்க, சம்பளம் எவ்வளவு, காலை உடைச்சால் ஆர் கட்டுறது? பதில் எழுத்தில் வரும்வரை திரும்பத் திரும்பக் கேளுங்கோ. பிள்ளை அதுவரைக்கும் விளையாடட்டும்.