மூழ்கிய கார், மினுங்கும் பெயின்ட்: பழைய கார் வாங்குவோர் கவனத்திற்கு

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் சென்னையில் ஏராளமான கார்கள் நீரில் மூழ்கின. இப்படி மூழ்கிய கார்கள் பழுது பார்க்கப்பட்டுப் பழைய கார் சந்தைக்கு வருவதுண்டு. வெளியே பெயின்ட் மினுங்கும்; நீர் புகுந்த வயரிங் சில மாதங்கள் கழித்துத்தான் கோளாறு காட்டும்.

வாங்கும் முன் சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பாருங்கள். அதன் அடிப்பகுதியில் சேற்றுக் கறை தெரியலாம். தரைவிரிப்புக்கு அடியில் துருவும் ஈர வாடையும் இருக்கிறதா என்று பாருங்கள். இன்சூரன்ஸ் கிளெய்ம் விவரத்தையும் கேளுங்கள்.

ஏமாந்துவிட்டால்? வியாபாரியிடம் வாங்கியிருந்தால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. தனிநபரிடம் வாங்கியிருந்தால் சிவில் நீதிமன்றம்தான் வழி.

எங்கே போனாலும், மறைத்து விற்றார் என்று நிரூபிக்க வேண்டியது நாம்தான். எனவே, 'விபத்தோ வெள்ளப் பாதிப்போ இல்லை' என்று பணம் கொடுக்கும் முன்பே எழுதி வாங்கிவிடுங்கள்.