வியோமித்ராவுக்கு ஒரு பொம்மை வேண்டும்

2024 ஜனவரி 20 அன்று ஜப்பானின் ‘ஸ்லிம்’ விண்கலம் நிலவில் இறங்கியது. இறங்கும்போது குப்புறச் சாய்ந்துவிட்டது. அந்தக் கோலத்தைப் படம்பிடித்து உலகுக்குக் காட்டியது, எட்டு சென்டிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருண்டை. தரையைத் தொட்டதும் இரண்டாகப் பிளந்து, இரு பாதிகளையும் சக்கரங்களாக்கிக்கொண்டு ஊர்ந்துபோகும் அந்தக் குட்டிக் கருவிக்குப் பெயர் சோரா-க்யூ. ஜப்பானிய விண்வெளி முகமையோடு சேர்ந்து அதை உருவாக்கிய நிறுவனங்களில் ஒன்று டக்காரா டோமி. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மைகளால் பெயர்பெற்ற அதே கம்பெனி. நிலவுக்குப் போன கருவியின் அளவிலேயே, அதேபோல் பிளந்து ஊர்ந்துபோகும் பொம்மையையும் 2023-இல் 27,500 யென்னுக்கு அது விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இந்தியாவில் அப்படியொரு பொம்மை பிறக்க வேண்டிய ஊர் திருவனந்தபுரம்.

தும்பாவில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் இருக்கிறது. வலியமலையில் திரவ உந்து அமைப்புகள் மையம். அதன் அருகிலேயே, 2007-இல் தொடங்கப்பட்ட இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகம். வட்டியூர்க்காவில் இஸ்ரோவின் நிலைம அமைப்புகள் பிரிவு. மனிதரை விண்ணுக்கு அனுப்பும் இந்தியாவின் ககன்யான் திட்டத்துக்கான பெண் வடிவ ரோபோ வியோமித்ரா உருவானது அந்த வட்டியூர்க்காவில்தான். 2020 ஜனவரியில் பெங்களூருவில் முதன்முறையாக மக்கள்முன் பேசியது. கால்கள் இல்லாத உடல், விசைகளை இயக்கும் கைகள், விண்கல அறையின் நிலையைக் கண்காணித்துச் சொல்லும் குரல். ஓர் அறிவியல் புனைகதைக்காரர் கற்பனையில் செதுக்கியதுபோன்ற இந்தப் பாத்திரம், திருவனந்தபுரத்துப் பேருந்து ஓடும் தெருவொன்றில் நிஜமாகவே செய்யப்பட்டது.

ஆனால் அதே நகரத்தில் அறிவியல் புனைகதைப் பொம்மைகளைச் சேகரிப்பவர்கள் வேறெங்கோ பார்த்துக் காத்திருக்கிறார்கள். அமெரிக்காவிலோ ஜப்பானிலோ புதிய வரிசை ஒன்று அறிவிக்கப்பட்டால் போதும்: எத்தனை உருவங்கள், எந்த அளவு, விண்கலத்தின் கதவு திறக்குமா, உள்ளே எத்தனை பேர் உட்காரலாம் என்று மாதக்கணக்கில் பேசுவார்கள். ப்ரீ-ஆர்டர் திறக்கும் நேரத்துக்குத் தூக்கம் விழிப்பார்கள். பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020-இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்ந்தது. அப்படியும் வாங்குகிறார்கள். இந்த ஆர்வத்தைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்குவது தவறு. ஒரு பொருள் எப்படிச் செய்யப்பட்டது என்று இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கும் கண்கள் எந்த நாட்டுக்கும் சொத்து. அந்தக் கண்களுக்கு முன்னால் வைக்க நம்மிடம் என்ன இருக்கிறது?

காத்திருப்புக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதை அமெரிக்காவின் கென்னர் நிறுவனம் 1977-இல் காட்டியது. அவ்வாண்டு மே 25-இல் ‘ஸ்டார் வார்ஸ்’ படம் வெளியானது. கிறிஸ்துமஸுக்குள் பொம்மைகளைச் செய்து முடிக்க கென்னரால் முடியவில்லை. வெற்று அட்டைப்பெட்டி ஒன்றில் ஒரு சான்றிதழை வைத்து விற்றது. அதை அனுப்பிவைத்தால் அடுத்த ஆண்டு நான்கு பொம்மைகள் தபாலில் வரும். பெற்றோர் காசு கொடுத்து வாக்குறுதியை வாங்கினார்கள். கென்னர் அதைக் காப்பாற்றியது. 1978-இல் மட்டும் நான்கு கோடிக்கும் மேற்பட்ட பொம்மைகள் விற்றன.

அந்த வெற்றிக்குக் காரணம் படம் மட்டுமல்ல, அளவும்தான். அதுவரை அமெரிக்காவில் புகழ்பெற்ற ஜி.ஐ.ஜோ போன்ற பொம்மைகள் ஓரடி உயரம் இருந்தன. அந்த அளவில் ஆளைச் செய்தால், அவன் ஏறும் விண்கலம் வீட்டுக்குள் நுழையாது. கென்னர் ஆளை மூன்றே முக்கால் அங்குலத்துக்குச் சுருக்கியது. விண்கலமும் மேசைக்கு வந்தது. ஆளும் கலமும் ஒரே அளவுகோலில் பொருந்தியதால், ஒரு பொம்மை வாங்கியவருக்கு அடுத்ததும் தேவைப்பட்டது.

இப்போது இஸ்ரோவுக்கு வருவோம். பதிவுபெற்ற நிறுவனங்கள் இஸ்ரோ சார்ந்த பொருள்களைச் செய்து விற்கலாம் என்று சில ஆண்டுகளுக்கு முன்பே வழி திறக்கப்பட்டுவிட்டது. டி-ஷர்ட் வருகிறது, காபிக் குவளை வருகிறது, ராக்கெட் மாதிரிகளும் வருகின்றன. நல்ல தொடக்கம். ஆனால் அவை பெரும்பாலும் தனித்தனி நினைவுப் பொருள்கள். ஒன்றுக்கு ஒன்று அளவில் பொருந்துவதில்லை. ராக்கெட் உண்டு, அதன் பக்கத்தில் நிற்க ஆள் இல்லை. வாங்கியவர் அலமாரியில் வைத்துவிட்டு மறந்துபோகிறார்.

ஒரு வரிசையாக யோசித்தால் எப்படி இருக்கும்? மூன்றே முக்கால் அங்குல உருவம் ஏறத்தாழ பதினெட்டில் ஒரு பங்கு அளவு. ககன்யான் வீரர்கள் அமரும் கலத்தின் விட்டம் சுமார் மூன்றரை மீட்டர்; அந்த அளவுகோலில் அது இருபது சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். கதவைத் திறந்து மூவரை உட்காரவைக்கலாம். சந்திரயான்-3 கொண்டுபோன பிரக்யான் ஊர்தி ஐந்து சென்டிமீட்டர் வரும், ஆறு சக்கரங்களும் உருளும். 1967-இல் தும்பாவிலிருந்து பாய்ந்த ஆர்.எச்.-75, இந்தியா தானே செய்த முதல் ஆய்வு ராக்கெட். அதன் விட்டமே 75 மில்லிமீட்டர்தான் என்பதால் பொம்மையில் பென்சிலைவிட மெலிதாக இருக்கும். 43.5 மீட்டர் உயரமுள்ள எல்.வி.எம்.-3 ராக்கெட்டை மட்டும் இந்த அளவில் செய்ய முடியாது, ஆளைவிட உயரமாகிவிடும். அதை நூற்றில் ஒரு பங்காகத் தனியே செய்யலாம். 43.5 சென்டிமீட்டர். கொலுப்படியில் நிற்கும்.

கொலு என்பது இங்கே பேச்சுக்காகச் சொன்னதல்ல. திருவனந்தபுரத்தில் நவராத்திரி என்றால், பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும் வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும் சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாக வந்து சேரும் திருவிழா. கோட்டையைச் சுற்றியும் கரமனையிலும் வலியசாலையிலும் உள்ள தமிழ்க் குடும்பங்களில் கொலு வைப்பது தலைமுறை வழக்கம். ஒவ்வோர் ஆண்டும் புதிதாக ஒரு பொம்மையாவது சேர வேண்டும். பாட்டியின் மரப்பாச்சி முதல் படியிலிருந்து நகராது. எந்த செட் எந்த வருஷம் எங்கே வாங்கியது என்று வீட்டுப் பெண்கள் கேட்ட மாத்திரத்தில் சொல்வார்கள். சேகரிப்பு என்ற கலையை நமக்கு யாரும் இறக்குமதி செய்து தரவில்லை. 2023 ஆகஸ்ட் 23-இல் சந்திரயான்-3-இன் விக்ரம் கலம் நிலவில் இறங்கி நின்றது. அடுத்து வந்த நவராத்திரியில் பல வீடுகளின் கொலுவில் சந்திரயான் ஏறியது. பலர் அதை அட்டையிலும் தெர்மாகோலிலும் தாங்களே செய்துகொண்டார்கள். தேவை கண்முன்னால் இருந்தது, சரக்குதான் இல்லை.

செய்யும் திறமை நம்மிடம் இல்லையா? தமிழ்நாடே பதில் சொல்லும். எம்.ஆர்.எஃப். குழுமம் ஹாஸ்ப்ரோவோடு சேர்ந்து 1987-இல் தொடங்கிய ஃபன்ஸ்கூல், ஜி.ஐ.ஜோ உருவங்களை இந்தியாவில் செய்தது. அமெரிக்காவில் நின்றுபோன உருவங்கள் இங்கே வேறு வண்ணங்களில் தொடர்ந்து வந்தன. அந்த இந்திய வண்ணங்களுக்காகவே வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அவற்றைத் தேடி வாங்கினார்கள், இன்றும் வாங்குகிறார்கள். கோவாவிலும் ராணிப்பேட்டையிலும் அந்த நிறுவனத்துக்குத் தொழிற்சாலைகள் உள்ளன. களிமண்ணுக்கு மதுரை விளாச்சேரி, பண்ருட்டி, காஞ்சிபுரம் இருக்கின்றன. திருவனந்தபுரத்தின் டெக்னோபார்க்கில் 1999 முதல் டூன்ஸ் நிறுவனம் அனிமேஷன் செய்துவருகிறது. கதையும் பாத்திரமும் வரைய வெளியே ஆள் தேட வேண்டாம்.

கதைக்கும் பஞ்சமில்லை. 1963 நவம்பர் 21-இல் முதல் ராக்கெட் கிளம்பிய தும்பாவில், ஒரு தேவாலயமே அலுவலகமானது. இன்று அது விண்வெளி அருங்காட்சியகம். ராக்கெட்டின் கூம்பு முனையைச் சைக்கிள் கேரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் படம் உலகப் புகழ்பெற்றது. அந்தச் சைக்கிளும், கூம்பும், பக்கத்தில் நடக்கும் இருவரும் ஒரு செட்டாக வந்தால் எந்த வீட்டுப் பிள்ளைதான் ‘இது என்ன’ என்று கேட்காது? 2024 பிப்ரவரி 27-இல் இதே தும்பாவில் ககன்யான் வீரர்கள் நால்வர் அறிவிக்கப்பட்டார்கள்: பாலக்காட்டு நெம்மாறையைச் சேர்ந்த பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர், சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன், அங்கத் பிரதாப், சுபான்ஷு சுக்லா. மனித விண்வெளித் திட்டத்தின் இயக்குநராக இருந்த வி.ஆர்.லலிதாம்பிகா திருவனந்தபுரத்துக்காரர். 2017-இல் லெகோ நிறுவனம் நாசாவின் பெண்களை வைத்து ஒரு செட் வெளியிட்டு, விண்கலத்துக்கு மென்பொருள் எழுதிய மார்கரெட் ஹாமில்டனைக் குழந்தைகளின் கையில் கொடுத்தது. லலிதாம்பிகாவின் சம்மதத்தோடு அவருக்கும் ஓர் உருவம் செய்தால், இந்த ஊர்ப் பெண்பிள்ளைகள் கையில் எடுத்து விளையாட ஓர் எஞ்சினியர் கிடைப்பார்.

ராக்கெட் செய்கிறவர்களை ஏன் பொம்மைக்கு இழுக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. விஞ்ஞானிகள் பொம்மை செய்ய வேண்டியதில்லை. வெளியிடத்தக்க அளவுகளையும் வரைபடங்களையும் தந்து, செய்துவந்ததைச் சரிபார்த்து ஒப்புதல் கொடுத்தால் போதும். நாசா அதைத்தான் செய்தது. 1997 ஜூலை 4-இல் பாத்ஃபைண்டர் செவ்வாயில் இறங்கியபோது, அதன் சோஜர்னர் ஊர்தியின் ஹாட் வீல்ஸ் பொம்மை கடைகளில் தயாராக இருந்தது. வேகமாக விற்றும் தீர்ந்தது. லெகோவின் சாட்டர்ன்-5 ராக்கெட்டை முன்மொழிந்தவர்கள் ரசிகர்கள். ஒரு மீட்டர் உயரம், 1,969 துண்டுகள்: மனிதர் நிலவில் கால்வைத்த ஆண்டே எண்ணிக்கையாக அமைந்தது.

பணம்தான் உண்மையான தடை. பிளாஸ்டிக் உருவத்துக்கு உருக்கு மோல்டு வெட்ட முதலிலேயே பெருந்தொகை வேண்டும். விற்குமா என்று தெரியாமல் எந்தச் சிறு நிறுவனமும் துணியாது. இதற்கும் சேகரிப்பாளர்களே விடை. 2018-இல் ஹாஸ்ப்ரோ, ‘ஸ்டார் வார்ஸ்’ பட வரிசையில் வரும் வில்லன் ஜப்பாவின் படகை நான்கடி நீளத்தில் செய்ய முன்வந்தது. விலை 500 டாலர்; 5,000 பேர் முன்பதிவு செய்தால்தான் செய்வோம் என்றது. அதைவிட அதிகமானவர்கள் முன்வந்தார்கள். தும்பா வரிசைக்கும் அதே முறையைக் கையாளலாம். வசதியுள்ளவர்கள் முன்பணம் கட்டி வாங்கும் உயர்தர உருவங்கள், மோல்டுச் செலவைத் தாங்கட்டும். அதே வடிவங்கள் களிமண்ணிலும் அட்டையிலும் எளிய விலையில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடைக்கட்டும். 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு பி.ஐ.எஸ். தரமுத்திரை கட்டாயமானபோது, பதிவுபெற்ற கைவினைஞர்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. விளாச்சேரி குயவர் இந்த வேலையில் இறங்க அது பெரிய உதவி.

விண்வெளிக்குப் போகிறவர்களே பொம்மையை விடுவதில்லை. 2025 ஜூன் 25-இல் சுபான்ஷு சுக்லா பறந்தபோது கூடவே ஒரு பொம்மை அன்னம் போனது. எடையின்மை தொடங்கியதும் முதலில் மிதந்து காட்டியது அந்த ‘ஜாய்’தான். இந்திய மரபில் அன்னத்துக்கு உள்ள இடத்தை சுக்லா விண்கலத்திலிருந்தே சொன்னார். ககன்யானில் அந்த இடம் யாருக்கு என்பதையும் இந்தப் பொம்மை வரிசையிலிருந்தே முடிவு செய்யலாம்.

இன்று இஸ்ரோவின் தலைவர் வி.நாராயணன், திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேலக்காட்டுவிளையில் பிறந்தவர்; வலியமலை மையத்தை நடத்தியவர். இந்த ஊரையும் இங்குள்ள வீடுகளையும் அவருக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இஸ்ரோ வரைபடங்களைத் தர வேண்டும். கேரள அரசு வடிவமைப்புப் போட்டியை நடத்தி, முன்பதிவை ஏற்க வேண்டும். தமிழ்நாட்டுத் தொழிற்சாலைகளும் கைவினைஞர்களும் செய்துகொடுக்க வேண்டும். தும்பா அருங்காட்சியகத்திலும், பிரியதர்சினி கோளரங்கத்திலும், சாலைக் கடைத்தெருவிலும் விற்க வேண்டும். ககன்யானில் மனிதர் ஏறும் நாளைக் குறித்துவிட்டு மோல்டு வெட்டத் தொடங்கினால், கென்னர்போல வெற்றுப் பெட்டியைத்தான் விற்க நேரும். முதல் வடிவமாக வியோமித்ராவை இந்த ஆண்டே தேர்ந்தெடுத்து, முன்பதிவைத் திறந்துவிட வேண்டும்.