விலை பேச முடியாத நிலம்

டெகும்சேவைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அவரை அடங்காத வீரராகவும், அவருடன் முரண்பட்ட முதிய தலைவர் பிளாக் ஹூஃபைப் பணிந்துபோனவராகவும் நிறுத்திவிடுகிறார்கள். இந்த எளிய பிரிவினை இருவருக்குமே அநீதி இழைக்கிறது என்பதே நம் எண்ணம்.

இருவரும் ஷானி இனத்தவர். களம் பல கண்ட பிளாக் ஹூஃப், 1794இல் ஃபாலன் டிம்பர்ஸ் தோல்விக்குப் பின், 1795இல் கிரீன்வில் உடன்படிக்கையில் கையொப்பமிட்டார். இனியொரு போர் இனத்தையே அழித்துவிடும் என்பது அவர் முடிவு. வாபகொனெட்டாவில் தம் மக்களை வெள்ளையர் முறைப்படி ஏர் பிடிக்கச் செய்தார். எஞ்சிய நிலமாவது நிலைக்கும் என்று நம்பினார். இதைக் கோழைத்தனம் என்பது, தோல்வியின் விலை அறியாதவர்களின் பேச்சு.

டெகும்சே அந்த உடன்படிக்கையை ஏற்கவில்லை. 1809இல் ஃபோர்ட் வேனில் ஆளுநர் ஹாரிசன் டெலவேர், மயாமி, பொட்டவாட்டமி உள்ளிட்ட இனத் தலைவர்களிடம் ஏறத்தாழ 30 லட்சம் ஏக்கரை வாங்கினார். மறு ஆண்டு வின்சென்ஸில் அவரை நேரில் சந்தித்த டெகும்சே, விலை குறைவென்று வாதிடவில்லை. நிலம் எல்லா இனங்களுக்கும் பொது, ஒரு சிலர் விற்றால் செல்லாது என்றார். ஒவ்வோர் இனமும் தனி என்பது ஹாரிசனின் பதில். பிரித்து வாங்க அதுதானே வசதி! பழங்குடித் தலைவர்கள் கடனில் மூழ்கினால் நிலத்தைக் கொடுத்து மீள்வார்கள் என்று ஜெஃபர்சன் 1803லேயே அவருக்கு எழுதியிருந்தார்.

டெகும்சே 1813இல் தேம்ஸ் போரில் வீழ்ந்தார். அவருடன் சேர மறுத்தவர்களுக்குக் கிடைத்தது என்ன? 1831இல் வாபகொனெட்டா நிலமும் எழுதி வாங்கப்பட்டது. பிளாக் ஹூஃப் இறந்ததும் அவ்வாண்டில்தான். மறு ஆண்டு அவருடைய மக்கள் மிசிசிப்பிக்கு மேற்கே அனுப்பப்பட்டனர். பழங்குடிகளுக்குக் குடியிருக்கும் உரிமை மட்டுமே உண்டு, முழு உடைமை இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1823லேயே கூறிவிட்டிருந்தது. வாங்கியவர் விற்றவரை முழு உரிமையாளராகக் கருதவே இல்லை.

போரைப் பற்றி முதியவர் கணித்தது சரி. விற்பனையைப் பற்றி இளையவர் கணித்ததும் சரி. அந்த விவாதத்தை என்றேனும் புனைவாக்கும் எழுத்தாளர், இருவரில் ஒருவரைத் தோற்கடித்துவிடக் கூடாது. இருவரும் சரியாக இருந்தும் நிலம் போயிற்று என்பதுதான் அவ்வரலாற்றின் துயரம்.