பெருநாவிசனும் பெரிய கோயிலும்

ஐப்பசி மாதம் சதய நட்சத்திரம் வந்துவிட்டால் தஞ்சாவூருக்குத் தலைகால் புரியாது. அன்று ராஜராஜ சோழன் பிறந்த நாள். பெரிய கோயிலில் பெருவுடையாருக்கு அபிஷேகம், யானை மீது திருமுறை ஊர்வலம், மாலையில் பாட்டு, பரத நாட்டியம் என்று ஊரே அமர்க்களப்படும். 2022-ஆம் ஆண்டில் இதை அரசு விழாவாகவே அறிவித்துவிட்டார்கள். கோயிலுக்கு ஆயிரம் வயது நிறைந்த 2010-இல் நடந்த வைபவத்தைக் கேட்கவே வேண்டாம். பத்மா சுப்ரமணியத்தின் தலைமையில் ஆயிரம் பேர் சேர்ந்து ஆடினார்கள்!

“ஏனுங்க, தஞ்சாவூர் விழாவுக்கும் நம்ம கொமரலிங்கத்துக்கும் என்னங்க சம்பந்தம்?” என்று நம் ஊர்ப் பெரியவர்கள் கேட்கக்கூடும். தண்ணீர்ச் சம்பந்தம் இருக்கிறது. நம் ராஜவாய்க்காலுக்குத் தண்ணீர் தரும் அமராவதிதான் கரூருக்கு அப்பால் திருமுக்கூடலூரில் காவிரியோடு கலந்து சோழ நாட்டுக்குப் போகிறது. இன்னொரு சம்பந்தமும் உண்டு. அதைச் சொல்லத்தான் இந்த வாரம் பேனாவை எடுத்தேன்.

ராஜராஜனை இன்று குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னை வாரா வாரம் காத்திருந்து படித்த தலைமுறை, அருள்மொழிவர்மனை வீட்டுப் பிள்ளையாகவே ஆக்கிக்கொண்டது. ஆனால் நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் பெரிய கோயிலைக் கட்டியது யார் என்று கேட்டிருந்தால், கரிகாலன் என்று சொல்லியிருப்பார்கள்; வேறு யாராவது ஒரு சோழன் என்றும் சொல்லியிருப்பார்கள். இவ்வளவு பெரிய கோயிலைக் கட்டியவன் பெயர் ஊருக்கே மறந்து போயிருந்தது! 1886-இல் சென்னை அரசாங்கத்தின் கல்வெட்டு ஆராய்ச்சியாளராக நியமிக்கப்பட்ட ஹுல்ட்ஷ் என்ற ஜெர்மானியர், சுவரில் இருந்த எழுத்துகளைப் படித்துச் சொன்ன பிறகுதான் ராஜராஜன் திரும்பக் கிடைத்தான். கல்லில் எழுத்து இல்லாவிட்டால் சதய விழாவும் இல்லை.

அந்த எழுத்துகளில் ராஜா மட்டுமா இருக்கிறார்? கோயிலில் ஆட வந்த நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. எந்தெந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார்கள், எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு என்று தபால்காரருக்குச் சொல்வதைப் போல எழுதி வைத்திருக்கிறார்கள். எடுத்தபாதம் என்ற பெயருடைய ஒருத்திகூட அதில் உண்டு. நாட்டியக்காரிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எங்கே கிடைக்கும்? ஒவ்வொருவருக்கும் வருஷத்துக்கு 100 கலம் நெல் ஒரு பங்கு. ஒருவர் காலமானால் அடுத்த உறவினர் அந்த வேலையைச் செய்து பங்கைப் பெறலாம். அவருக்கு வேலை தெரியாவிட்டால், தெரிந்த ஒருவரை அமர்த்த வேண்டும் என்பது வரை யோசித்து எழுதியிருக்கிறார்கள்.

கோயிலைச் சமைத்த குஞ்சரமல்லன் என்ற ராஜராஜப் பெருந்தச்சன் அங்கே இருக்கிறார். க்ஷவரம் செய்தவருக்கு ராஜராஜப் பெருநாவிசன் என்று மன்னன் தன் பெயரையே பட்டமாகக் கொடுத்திருக்கிறான். கணக்கருக்கும் விளக்கு ஏற்றுகிறவருக்கும் குயவருக்கும் தையற்காரருக்கும் கூடப் பங்கு உண்டு. பொழுது விடிந்ததும் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் பஸ் ஏறும் நம் வீட்டுப் பெண்கள் இதைக் கேட்டால் சந்தோஷப்படுவார்கள். ஊசி பிடிக்கிற கையும் கோயில் கணக்கில் ஏறியிருக்கிறது.

நம் பக்கத்திலும் கடத்தூரிலும் கொழுமத்திலும் கொங்குச் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. இன்ன ஊரார் விளக்குக்கு என்ன கொடுத்தார்கள், எந்த நிலத்தை எழுதி வைத்தார்கள் என்ற சமாசாரமெல்லாம் இப்படிப்பட்ட சுவர்களில்தான் இருக்கும். ஆனால் திருப்பணி என்றதும் நமக்கு ஓர் உற்சாகம் வந்துவிடுகிறது, பாருங்கள்! கல்லெல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று, தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றில் மணலை வேகமாகப் பீய்ச்சி அடித்துச் சுத்தம் செய்தார்கள். அழுக்கோடு எழுத்தும் தேய்ந்தது. அந்த முறை கூடாது என்று பிறகு தடை வந்தது. ஆனால் எழுத்தின் மேல் சுண்ணாம்பும் பெயிண்டும் பூசுகிறவர்களும், ஆணி அடித்து மின்சாரப் பெட்டி மாட்டுகிறவர்களும் இன்னும் இருக்கிறார்கள். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, பக்திதான். ஆனால் உபயதாரர் பெயரை டியூப் லைட்டில் எழுதுகிற அவசரத்தில், எண்ணூறு வருஷத்து உபயதாரரை அழித்துவிடுகிறோம்.

ஆகையால் கும்பாபிஷேகக் கமிட்டிக்காரர்களுக்கு ஒரு விண்ணப்பம். பெயிண்ட் வாளியைத் திறப்பதற்கு முன்னால் சுவரைச் சுற்றி ஒரு தடவை நடந்து பாருங்கள். எழுத்து தெரிந்தால் தொல்லியல் துறைக்கு ஒரு கடிதம் போடுங்கள். அவர்கள் வந்து படியெடுத்துப் போகும் வரை வேலைக்காரர்களைச் சற்றுப் பொறுக்கச் சொல்லுங்கள்.

வரும் ஐப்பசிச் சதயத்தன்று தஞ்சாவூருக்கு ரயில் ஏற முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். சாயங்காலம் குழந்தைகளை அழைத்துக்கொண்டு பக்கத்துப் பழைய கோயிலுக்குப் போங்கள். ஒரு வரியிலாவது நாலு எழுத்து அவர்களுக்குப் புரிகிறதா என்று பாருங்கள். க, ட, ப, ம இவை அவ்வளவாக மாறவில்லை; சின்னக் கண்களுக்குச் சட்டென்று பிடிபட்டுவிடும்.