மருத்துவ மாணவர் கையில் போன்: பிடுங்குறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

"இந்தக் காலத்துப் பசங்க வகுப்புலயும் போன், வார்டுலயும் போன். பிடுங்கி வைக்கணும் சார்." மருத்துவப் பேராசிரியர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. நான் அந்தக் கட்சி இல்லை. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமான த்ரெட்.

2020-லிருந்து அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5% உள் ஒதுக்கீடு இருக்கு. அப்படி வருபவர்களில் பலர் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. முதல் வருஷம் அனாடமி வகுப்பு, முழுக்க இங்கிலீஷ். ப்ராக்கியல் ப்ளெக்ஸஸ் நடத்தும்போது பாதி புரியாது. அந்தப் பொண்ணு எழுந்து கேட்பாளா? மாட்டாள். மொத்த வகுப்பும் திரும்பிப் பார்க்கும். நம்ம ஊர்ல வாத்தியாரிடம் சந்தேகம் கேட்கிறதே எதிர்த்துப் பேசுற மாதிரிதானே!

ராத்திரி ஹாஸ்டலில் அதே பாடத்தை யூடியூபில் போட்டு, வேகத்தைக் குறைத்து, நிறுத்தி, பின்னாடி தள்ளி, நாலாவது தடவையில் பிடித்துவிடுகிறாள். எந்தப் பேராசிரியரையும் நாலு தடவை சொல்லச் சொல்ல முடியாதுங்க. (என்னையும் சேர்த்துத்தான்.) பலருக்கு லேப்டாப் கிடையாது. போன்தான் லைப்ரரி, அகராதி, ட்யூஷன் எல்லாம்.

இந்தக் கூச்சம் நமக்கு மட்டும்னு நினைக்காதீங்க. தென்னாப்பிரிக்காவில் 2007-ல் 'டாக்டர் மேத்' என்று ஒன்று தொடங்கினார்கள். பள்ளிப் பிள்ளைகள் எம்எக்ஸ்இட் என்ற சாட்டில் கணக்குச் சந்தேகம் கேட்பார்கள், பிரிட்டோரியா பல்கலைக்கழக மாணவர்கள் பதில் டைப் பண்ணுவார்கள். சாதாரண போன்தான். கேட்பது யாருன்னு தெரியாது, அதனால் வெட்கமும் இல்லை.

ஜப்பான் கதை வேற. அங்கே 1999-லேயே ஐ-மோடு மூலம் போனில் இன்டர்நெட் வந்துவிட்டது. 2007-ல் அதிகம் விற்ற பத்து நாவல்களில் ஐந்து, முதலில் செல்போனில் வந்தவை. அந்தத் தலைமுறைக்குச் சின்னத் திரையில் வாசிப்பது அதிசயமே இல்லை. நமக்கு 2016-ல் ஜியோ வந்த பிறகுதான் டேட்டா மலிவானது. போன் என்றாலே சினிமா, அரட்டை என்று நம்ம தலைமுறை பழகிவிட்டது, அந்தக் கண்ணோடுதான் பிள்ளைகளையும் பார்க்கிறோம்.

கவனம் சிதறாதா? சிதறும். நோட்டிஃபிகேஷன் வந்தால் எனக்கே சிதறுது.

ஆனால் என் உண்மையான கவலை நோயாளி. கட்டிலில் படுத்திருக்கும் பாட்டிக்கு, மாணவன் மருந்தின் டோஸ் பார்க்கிறானா ரீல்ஸ் பார்க்கிறானா என்று எப்படித் தெரியும்? "நான் வலியில கெடக்கேன், இது போனை நோண்டுது"ன்னுதான் நினைப்பார். அது நியாயம்.

அதனால் என் யூனிட்டில் பழக்கம் இதுதான். நோயாளி பேசும்போது போன் கோட் பாக்கெட்டில். பார்த்தே ஆகணும்னா, "பாட்டி, உங்க மாத்திரை அளவைத்தான் பார்க்கிறேன்"னு சொல்லிட்டுப் பார்க்கணும். நோயாளியைப் போட்டோ எடுத்து குரூப்பில் போடுற வேலை அறவே கூடாது.

முதல் நாளே என் வாட்ஸப் நம்பரையும் கொடுத்துவிடுகிறேன். வார்டில் வாயே திறக்காத பிள்ளைகளிடமிருந்து ராத்திரி பதினொரு மணிக்கு மெசேஜ் வரும். "சார், தப்பா நினைக்காதீங்க, ஒரு சின்ன டவுட்..."