அப்பா சுவாசித்தது... பிள்ளைக்கு வந்தது!

கனடாவில் எஃகுக்குப் பேர்போன ஊர் ஹாமில்டன். ஆன்டாரியோ ஏரித் துறைமுகத்தை ஒட்டியே பெரிய பெரிய எஃகு ஆலைகள். அவற்றின் அருகிலேயே ஹெர்ரிங் கடற்காகங்கள் கூட்டம் கூட்டமாகக் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன.

அங்குள்ள மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் கரோல் யாக், ஜேம்ஸ் க்வின் இருவரும் இந்தப் பறவைகளின் டி.என்.ஏ-வைக் குடும்பம் குடும்பமாக ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தாயிடமும் இல்லாத, தந்தையிடமும் இல்லாத புதிய மாற்றங்கள் சில குஞ்சுகளிடம் இருந்தன. ஆலைகளுக்குத் தொலைவில் வாழும் பறவைகளைவிட இங்கே அது அதிகம். 1996-ல் இந்த முடிவு வெளியானது.

சரி, காரணம் எது? ஏரி மீனா, தண்ணீரா, காற்றா? பறவையை வைத்து இதைப் பிரித்துச் சொல்வது கஷ்டம். எனவே, ஆய்வகத்தில் வளர்ந்த எலிகளை ஆலைப் பகுதியில் 10 வாரம் வைத்தார்கள். இன்னொரு கூட்டத்தைக் கிராமப்புறத்தில் வைத்தார்கள். பிறகு இனப்பெருக்கம் செய்யவிட்டுக் குட்டிகளைச் சோதித்தார்கள். ஆலைக் காற்றைச் சுவாசித்த எலிகளின் குட்டிகளுக்கு, கிராமத்து எலிகளின் குட்டிகளைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை கூடுதல் மாற்றங்கள். அதிலும் பெரும்பகுதி அப்பா வழியாக வந்தவை! விந்தணு உடலில் புதிது புதிதாக உற்பத்தியாகிக்கொண்டே இருக்கிறது. அந்த வேலை நடக்கும்போதே பாதிப்பும் ஏறிவிடுகிறது.

அடுத்த சோதனைதான் சுவாரஸ்யம். அதே ஆலைப் பகுதியில், சில எலிகளுக்கு மட்டும் ஹெப்பா ஃபில்டரில் வடிகட்டிய காற்று. நம் வீட்டு ஏர் பியூரிஃபையர்களில் இருக்கும் அதே வகை ஃபில்டர்தான். 2004-ல் முடிவு வந்தது: குட்டிகளுக்குப் போகும் மாற்றங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன. ஆக, குற்றவாளி காற்றில் மிதக்கும் நுண்துகள்கள், அல்லது அவற்றில் ஒட்டிக்கொண்டு வரும் நச்சு. நிலக்கரியைச் சுட்டு கோக் தயாரிக்கும்போது வெளிவரும் ஹைட்ரோகார்பன்கள் மீதும் சந்தேகம் உண்டு.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆய்வாளர்கள் பார்த்தது, எளிதில் மாறக்கூடிய டி.என்.ஏ பகுதிகளை மட்டும்தான். எனவே, குஞ்சுகள் எல்லாம் ஊனத்தோடு பிறக்கின்றன என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால், பெற்றோர் சுவாசித்த புகையின் தடம் அடுத்த தலைமுறையில் பதிகிறது என்பது உறுதியாகிவிட்டது.

2008-ல் வந்த ஆய்வு இன்னும் கொஞ்சம் கவலை தருகிறது. ஆலைப் பகுதியிலிருந்து ஆண் எலிகளை அப்புறப்படுத்தி 6 வாரம் ஆன பிறகும், விந்தணுக்களில் அந்தப் பாதிப்பு போகவில்லை.