தேர்ச்சி பெற்றுவிட்டார்கள், விண்ணப்பித்தார்களா?

2025 மே 8 அன்று பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியாயின. தமிழகத்தில் 95.03 விழுக்காட்டினர் தேர்ச்சி பெற்றனர். சாந்தோம், பட்டினப்பாக்கம், மயிலாப்பூர் பகுதிகளில் நம் வீடுகளிலும் இனிப்பு வழங்கினோம். மதிப்பெண்ணைச் சொல்லி ஊரெல்லாம் மகிழ்ந்தோம். ஆனால் அடுத்த கேள்வியை நம்மில் எத்தனை பேர் கேட்டோம்? அந்தப் பிள்ளை எந்தெந்தக் கல்லூரிக்கு விண்ணப்பித்தது? அதற்கான சான்றிதழ்கள் கையில் இருந்தனவா?

வீட்டில் ஏற்கெனவே ஒரு பட்டதாரி இருந்தால் இந்தக் கேள்விகளுக்கு அவரே பதில் சொல்லிவிடுவார். தந்தை ஆட்டோ ஓட்டுகிறார், தாய் ஐந்தாம் வகுப்போடு நின்றவர் என்ற வீட்டில் பதில் சொல்ல ஆள் இல்லை. அந்த வீட்டுப் பிள்ளை தேர்வில் தோற்பதில்லை. தேர்வுக்குப் பிந்தைய இரண்டு மாதங்களில்தான் தோற்கிறது.

இது நம் சமுதாயத்திற்குப் பெரிய விஷயம். 2006இல் வெளியான சச்சார் குழு அறிக்கை, உயர்கல்வியில் முஸ்லிம்களின் பின்தங்கிய நிலையைப் புள்ளிவிவரத்தோடு நாட்டின் முன் வைத்தது. அதன் பிறகும் நிலைமை போதுமான அளவு மாறவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் மக்கள்தொகையில் முஸ்லிம்கள் 14.2 விழுக்காடு. 2020-21ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் கல்லூரி மாணவர்களில் நம் பங்கு 4.6 விழுக்காடு மட்டுமே. இதற்கிடையே ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான சிறுபான்மை மாணவர் உதவித்தொகையை 2022இல் மத்திய அரசு நிறுத்தியது. ஆய்வு மாணவர்களுக்கான மவ்லானா ஆசாத் தேசிய ஃபெல்லோஷிப்பும் அதே ஆண்டு நிறுத்தப்பட்டது. இவற்றைக் கண்டித்தது சரியே. ஆனால் இன்னும் நமக்கு இருக்கும் உரிமைகளை முழுமையாகப் பயன்படுத்துகிறோமா என்பதையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

என்னென்ன இருக்கின்றன? தமிழகத்தில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 விழுக்காடு தனி இடஒதுக்கீடு உள்ளது. பொறியியல் போன்ற தொழிற்கல்விகளில் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை 2010 முதல் உள்ளது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியலில் 2021 முதலும் 7.5 விழுக்காடு முன்னுரிமை இடங்கள் உள்ளன. மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் என மாதம் 1,000 ரூபாய் திட்டங்களும் உள்ளன.

சாந்தோம் பகுதி மக்கள் குழம்புவது இங்கேதான். இங்கே நம் பிள்ளைகள் பலர் கிறிஸ்தவ நிர்வாகத்தில் உள்ள அரசு உதவி பெறும் பள்ளிகளில் படிக்கிறார்கள். 'உதவி பெறும்' என்பதை 'அரசு' என்றே பெற்றோர் எடுத்துக்கொள்கிறார்கள். 7.5 விழுக்காடு மாநகராட்சிப் பள்ளி உட்பட அரசுப் பள்ளி மாணவர்களுக்குத்தான். உதவி பெறும் பள்ளிக்குக் கிடையாது. மாதம் 1,000 ரூபாய் திட்டங்களோ உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. ஆங்கில வழியில் படித்தவர்களுக்கு இல்லை. 3.5 விழுக்காடும் முதல் பட்டதாரிச் சலுகையும் எந்தப் பள்ளியில் படித்தார்கள் என்பதைப் பார்ப்பதில்லை. எது நமக்கு உண்டு, எது இல்லை என்பது தெரியாததால் இரண்டு இழப்புகள் நேர்கின்றன. கிடைக்காததற்காகக் காத்திருக்கிறோம், கிடைக்கக்கூடியதைக் கேட்காமலே விடுகிறோம்.

அடுத்தது சான்றிதழ். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றுக்கு இ-சேவை மையம் வழியாக விண்ணப்பிக்கலாம். வருவாய்த் துறை சரிபார்த்து வழங்க நாளாகும். தேர்வு முடிவு வந்த பிறகு ஓடினால் எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடுகிறார்கள். சாதிச் சான்றிதழில் லெப்பை, ஷேக், தக்னி முஸ்லிம் என அரசுப் பட்டியலில் உள்ள பிரிவு சரியாக இருக்க வேண்டும். நம் பெயர்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. முஹம்மது என்ற ஒரே பெயர் ஆதாரில் ஒரு விதமாகவும், மதிப்பெண் பட்டியலில் வேறு விதமாகவும், தந்தையின் குடும்ப அட்டையில் மூன்றாவது விதமாகவும் இருக்கும். கவுன்சலிங் நேரத்தில் இதைத் திருத்த அலைவதைவிட, பிள்ளை பிளஸ் ஒன் படிக்கும்போதே திருத்திவிடலாம்.

மூன்றாவது, அவசரம். தேர்வு முடிவதற்கு முன்பே 'இப்போதே பணம் கட்டினால் சீட் உறுதி' என்று ஏஜெண்டுகள் வருகிறார்கள். பயத்தில் பெற்றோர் நகையை அடகு வைத்து நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்துவிடுகிறார்கள். முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை ஒற்றைச் சாளரக் கவுன்சலிங் வழியாகச் சேர்வோருக்கு மட்டுமே உரியது. கவுன்சலிங்கில் அதே கல்லூரி கிடைத்திருக்கலாம் என்பது பிறகுதான் தெரிகிறது. வட்டிக்கு அஞ்சி கல்விக்கடன் வேண்டாம் என்று முடிவெடுக்கும் நம் குடும்பங்களுக்கு இந்தச் சலுகை கூடுதல் முக்கியத்துவம் உடையது. கட்டணமே குறைந்தால் கடன் வாங்கும் தேவையும் குறைகிறது.

கவுன்சலிங்கிலும் கவனம் தேவை. விருப்பப் பட்டியலில் நான்கைந்து பிரபலமான கல்லூரிகளை மட்டும் போட்டுவிட்டு, ஒன்றும் கிடைக்காமல் நிற்கும் பிள்ளைகள் உண்டு. உண்மையான விருப்ப வரிசையில், கிடைக்க வாய்ப்புள்ளவற்றையும் சேர்த்து, நீண்ட பட்டியல் தர வேண்டும். ஒதுக்கீடு வந்ததும் குறிப்பிட்ட நாளுக்குள் அதை உறுதி செய்யாவிட்டால் இடம் போய்விடும்.

எல்லோரும் பொறியியல்தான் படிக்க வேண்டும் என்பதில்லை. சாந்தோமிலிருந்து சிறிது தூரத்திலேயே, 1914இல் தொடங்கிய ராணி மேரிக் கல்லூரி இருக்கிறது. மாநிலக் கல்லூரி, அண்ணா சாலையில் காயிதே மில்லத் அரசு மகளிர் கல்லூரி, ராயப்பேட்டையில் நியூ காலேஜ், தேனாம்பேட்டையில் நீதிபதி பஷீர் அகமது சயீத் மகளிர் கல்லூரி என எல்லாமே பேருந்து தூரத்தில்தான். அரசுக் கலைக் கல்லூரிகளில் கட்டணமும் குறைவு. வெளியூர் அனுப்பத் தயங்கும் பெற்றோருக்குப் பெண் பிள்ளையைப் படிக்க வைக்க இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

இதில் ஜமாஅத்துகள் செய்யக்கூடிய வேலைக்குப் பெரிய செலவில்லை. மஹல்லாவில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகளின் பட்டியலை ஜனவரியில் எடுக்க வேண்டும். பிப்ரவரிக்குள் சான்றிதழ்களுக்கு விண்ணப்பிக்க வைக்க வேண்டும். மே முதல் ஜூலை வரை, மாலையில் பள்ளிவாசல் வளாகத்தில் ஒரு கணினியோடு இரண்டு பட்டதாரிகள் உட்கார வேண்டும். ஐந்து பிள்ளைகளுக்கு ஒருவர் பொறுப்பேற்று, விண்ணப்பத்தோடு நிற்காமல், கல்லூரியில் கட்டணம் கட்டிய ரசீதைப் பார்க்கும்வரை தொடர வேண்டும். பைத்துல்மாலிலிருந்து விண்ணப்பக் கட்டணம், முதல் பருவக் கட்டணம் தேவைப்படுவோருக்கு உதவலாம். தேர்ச்சி பெறாதவர்களைத் துணைத் தேர்வு எழுத வைப்பதும் இதே வேலையின் ஒரு பகுதிதான்.

முதலிடம் பெற்றவர்களுக்கு மேடை போட்டு கேடயம் தருகிறோம், நல்லதுதான். ஆனால் 380 மதிப்பெண் எடுத்து, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் வேலைக்குப் போய்விடும் பிள்ளைக்குத்தான் நாம் அதிகம் தேவைப்படுகிறோம். அந்தப் பிள்ளை பட்டம் பெற்றுவிட்டால், அடுத்து அந்த வீட்டில் பதில் சொல்ல ஓர் ஆள் இருப்பார். வரும் ஜும்ஆவிலேயே நம் மஹல்லாவின் பட்டியலைக் கேட்டுத் தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.